அந்த ஜன்னலுக்கு ஒரு திரை வாங்குங்கள்

என் மனைவி என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. நான் லிஃப்ட் மெக்கானிக். என் வேலையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அவளுடையதற்கு ஒரு மூச்சு போதாது. ஒரு கடையோ நிறுவனமோ இணையதளம் வைத்திருக்கும். பொருள் வாங்க வருகிறவர்களுக்கு அந்தத் தளம் கைகொடுக்கிறதா, காலை வாருகிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. அதே பொருளை விற்கும் மற்றவர்களின் தளங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, யாரிடம் எது நன்றாக இருக்கிறது, யாரிடம் எது சொதப்பல் என்று எழுதிக் கொடுப்பாள். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர், "ஓ, கம்ப்யூட்டர் ரிப்பேரா?" என்று முடித்துவிடுவார். எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர், பிரிண்டரில் காகிதம் சிக்கினால் இன்னமும் அவளுக்குத்தான் போன் செய்கிறார்கள்.

இதற்கு முன்னால் அவள் ஒரு பயண நிறுவனத்தில் புகார் கேட்கும் பிரிவில் இருந்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஊரார் வசவை வாங்கிக் கட்டிக்கொள்கிற வேலை. வசவு அவளை ஒன்றும் செய்யவில்லை. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவாள். மன்னிப்புக் கேட்கிறவர்களைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தொடாமலே பேசினாள்.

"இன்னிக்கு ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் பேசினாருங்க. எத்தனையோ பேருக்குப் பாடம் சொன்ன மனுஷன். டிக்கெட்ல தேதி போடத் தெரியலைன்னு எங்கிட்ட மன்னிப்புக் கேக்கறாரு. எனக்கு விவரம் பத்தாதும்மா, தப்பா நினைச்சுக்காதேங்கறாரு. அந்தப் பக்கத்துல தேதியை எப்படிப் போட்டாலும் தப்பு தப்புன்னு சிவப்புல கத்துது. தப்பு அவரோடதா, அந்தப் பக்கத்தோடதா?"

மறுநாள் மேலதிகாரியிடமும் இதையே கேட்டிருக்கிறாள். உங்களுக்குப் போன் எடுக்கத்தான் சம்பளம் என்று பதில் வந்தது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வேலையை விட்டுவிட்டு, எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் இந்த வேலைக்கான படிப்பைப் படித்தாள். தெரிந்தவர்களின் கடைகளுக்கு முதலில் சும்மாவே செய்து கொடுத்தாள். ஹாலில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டுக்கொண்டாள். யாராவது தண்ணீர் எடுக்க வந்தால் அவள் நாற்காலியை நகர்த்த வேண்டும். அந்த மேஜைதான் அவளுடைய அலுவலகம்.

திரைச்சீலைக் கடை முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த மேஜையை நம்பித்தான். கடைத்தெருவில் மூன்று மாடிக் கட்டடம் அவருடையது. கீழே விற்பனை, நடுவில் துணிச் சுருள்கள், மேலே தையல் மெஷின்கள். நல்ல மனிதர். வந்ததும் சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, எங்கள் ஜன்னல் திரையை விரலால் தடவிப் பார்த்து, "எங்க துணி இல்ல," என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"எங்க மாப்பிள்ளை ஒண்டியாளா உக்காந்து பண்ணின வெப்சைட்டும்மா. பாக்கறவங்க எல்லாம் அழகா இருக்குங்கறாங்க. ஆனா வராங்க, பாக்கறாங்க, போயிடறாங்க. யாரும் வாங்கற வழியைக் காணோம்."

"ஏன் வாங்காமப் போறாங்கன்னு பாத்துச் சொல்லணும். அவ்வளவுதானே ஐயா?"

அவர் கொஞ்சம் மென்று விழுங்கினார். "அது வந்து, என் தம்பிக்கும் மாப்பிள்ளைக்கும் ஆகாது. கடையில நின்னு துணி கிழிக்காம பொட்டி முன்னாடியே உக்காந்திருக்கார்னு பேசிக்கிட்டே இருக்கான். நீங்க வெளியாள். மத்த கடைங்களோடதை விட எங்களோடதுதான் ஒசத்தின்னு நீங்க ஒரு வார்த்தை எழுதிட்டா அவன் வாய் அடைஞ்சிடும்."

"ஒசத்தியா இருந்தா எழுதறேன் ஐயா."

"இல்லேன்னா?"

"இல்லேன்னாலும் எழுதுவேன்."

நான் சமையலறையில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வந்த வேலை வாசலோடு போகப் போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் அவளை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, "சரிம்மா, பாருங்க," என்றார்.

வெளி ஆட்களை வரவழைத்துத் தளத்தில் வாங்கச் சொல்லிப் பார்க்கும் சோதனை நாளன்று நான் லீவு போட்டேன். டிவியைத் தூக்கவும் ஒயர்களை மாட்டவும் ஆள் வேண்டும், கூப்பிட்ட குரலுக்குக் கூலி கேட்காமல் வருகிற ஆள் நான் ஒருவன்தான் என்பது அவள் கணக்கு. கடையின் மேல்மாடியில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். ஓர் அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, திரை மாட்டாத ஒரு ஜன்னல். அங்கே அவளும், பொருள் வாங்கிப் பார்க்க வந்தவரும் மட்டும் இருப்பார்கள். பக்கத்து அறையில் தையலுக்கு வந்த துணிச் சுருள்களுக்கு நடுவே முதலாளி, மாப்பிள்ளை, நான். வந்தவர் போனில் எதைத் தொடுகிறார் என்பது எங்கள் டிவியில் தெரியும். டிவியின் மூலையில் சின்னதாக அந்த அறையும் தெரியும்.

மாப்பிள்ளை என்பதுதான் அந்தக் கடையில் அவருக்குப் பெயர். தையல்காரர்கூட அவரை அப்படித்தான் கூப்பிட்டார். ஒடிசலான ஆள். காலையிலிருந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

வந்த ஒவ்வொருவரிடமும் என் மனைவி ஒரே மாதிரிதான் ஆரம்பித்தாள். கையில் அளவு நாடாவைக் கொடுப்பாள். "அதோ இருக்கே, அது உங்க வீட்டு ஜன்னல்னு வெச்சுக்கங்க. அந்த ஜன்னலுக்கு ஒரு திரை வாங்குங்க. நாங்க உங்களைச் சோதிக்கலை, வெப்சைட்டைத்தான் சோதிக்கறோம். மனசுல தோணறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே பண்ணுங்க." அதோடு சரி. பிறகு வாயைத் திறக்க மாட்டாள். மூன்று தளங்கள். ஒன்று இந்தக் கடையுடையது. இன்னொன்று பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் பெரிய கடையுடையது. மூன்றாவது, கடையே இல்லாமல் இணையத்தில் மட்டும் விற்கும் ஒரு புதுக் கம்பெனி. ஒருவர் இதில் ஆரம்பித்தால் அடுத்தவர் அதில் ஆரம்பிப்பார். கடைசியாக வருகிற தளத்துக்கே எப்போதும் சலிப்பு போய்ச் சேரக் கூடாதாம்.

முதலில் ஒரு நர்ஸ். இந்தக் கடையின் தளத்தைத் திறந்ததும் துணிப் படங்களில் நின்றுவிட்டார். ஒவ்வொரு துணிக்கும் இரண்டு படம் இருந்தது. பகல் வெளிச்சத்தில் ஒன்று, வீட்டுக்குள் விளக்குப் போட்ட பிறகு வெளியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒன்று.

"ஐ, இது நல்லா இருக்கே! லைட் போட்டா உள்ள இருக்கறது தெரியுமான்னுதான் எனக்குக் கவலை," என்றார் நர்ஸ்.

முதலாளி என் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "பாத்தீங்களா!"

அளவு போடும் பக்கம் வந்தது. அகலம், உயரம் என்று இரண்டு கட்டங்கள். நர்ஸ் எழுந்து போய் ஜன்னலை அளந்தார், அங்குலத்தில். போட்டார். விலை வந்தது. "அட, இவ்வளவு மலிவா!" என்று சந்தோஷமாக அமுக்கிவிட்டார். தளம் சென்டிமீட்டரில் கணக்குப் போட்டிருந்தது. அவர் வாங்கியது ஒரு பெரிய கைக்குட்டை.

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றுபோனது.

"சென்டிமீட்டர்னு அங்கயே போட்டிருக்கே!" என்று மாப்பிள்ளை டிவியிடம் போய் விரலை வைத்துக் காட்டினார். போட்டிருந்தது உண்மைதான். சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி.

அடுத்து வந்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர். நிதானமான மனிதர். அந்த எறும்பு எழுத்தைக்கூடப் படித்துவிட்டார். ஆனால் அங்கேயே நின்று யோசித்தார். "அகலம்னா எதோட அகலம்மா? ஜன்னலுக்கா, துணிக்கா? துணின்னா சுருக்கம் விட்டு ரெண்டு மடங்கு எடுக்கணுமே." பதில் எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடிப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது, பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த துணி, வாங்குவதைச் சேர்த்து வைக்கும் கூடையில் இல்லை. மறுபடி முதலிலிருந்து எடுத்தார். மறுபடி சந்தேகம் வந்தது, மறுபடி பின்னால் போனார், மறுபடி கூடை காலி. கடைசியில் போனை மெதுவாக மேஜை மேல் வைத்துவிட்டார்.

"எனக்கு வயசாயிடுச்சும்மா. இதெல்லாம் சின்ன வயசுக்காரங்களுக்குத்தான்."

டிவி மூலையில் என் மனைவியைப் பார்த்தேன். கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையால் பொறுக்க முடியவில்லை. "ஒரே நிமிஷம், நான் சொல்லிக் குடுத்துட்டு வந்துடறேன்," என்று விருட்டென்று எழுந்து போனார். அவர் கதவைத் தொடுவதற்குள் காலடிச் சத்தம் கேட்டு அவள் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள்.

"உள்ள வராதீங்க தம்பி."

"அவருக்குப் புரியல மேடம். பக்கத்துல நின்னு காட்டினா டக்குனு புரிஞ்சிடும்."

"வாங்க வர ஒவ்வொருத்தர் வீட்டுலயும் போய்ப் பக்கத்துல நிப்பீங்களா?"

குரலை உயர்த்தவே இல்லை அவள். கோபமும் இல்லை. மாப்பிள்ளை மடமடவென்று படியிறங்கிப் போய்விட்டார். அன்றைக்கு அவர் திரும்பி வரவில்லை.

மற்ற இரண்டு தளங்களும் ஒன்றும் தேன் சொட்டவில்லை. பெரிய கடையின் தளத்தில் தள்ளுபடி விளம்பரங்கள் ஈ மொய்க்கிற மாதிரி வந்து மொய்த்தன. தபால்காரர் நிஜமாகவே கையை வீசி விரட்டினார். ஆனால் அளவுப் பக்கத்தில் ஒரு ஜன்னல் படம் போட்டு, எங்கிருந்து எதுவரை அளக்க வேண்டும் என்று அம்புக்குறி காட்டியிருந்தார்கள். அங்கே யாருமே தடுமாறவில்லை. புதுக் கம்பெனியின் தளம் கடைசிவரை வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. எல்லாம் முடிகிற இடத்தில், கொண்டுவந்து கொடுக்கத் தனிக் கட்டணம் என்று தலையில் ஒரு குட்டு வைத்தது. அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்த ஒரு வங்கிக்காரர் போனைத் தள்ளி வைத்தார். "முதல்லயே சொல்லியிருந்தா ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேன். இப்ப ஏமாத்தின மாதிரி இருக்கு," என்றார்.

எல்லாரும் போன பிறகு முதலாளி என் மனைவியிடம் வந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. "எழுதறப்ப கொஞ்சம் காரத்தைக் குறைச்சுக்கங்கம்மா."

"நான் எதையும் சேக்க மாட்டேன் ஐயா. நீங்க பாத்ததைத்தான் எழுதுவேன்," என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது, வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தவள், "அந்தத் தம்பி முகத்தைப் பாத்தீங்களா?" என்றாள்.

"பார்த்தேன். நீ வேணும்னேவா செஞ்சே?"

"ஒருத்தர் உக்காந்து உக்காந்து பண்ணின வேலையை அவர் கண் முன்னாடியே பிரிச்சுப் போடறது சாதாரணம் இல்லைங்க. ஆனா கண்ணால பாக்காம யார் எழுதிக் குடுத்தாலும் அவர் நம்பப் போறதில்ல."

அறிக்கையை அவள் உடனே எழுதவில்லை. அதற்கு முன்னால் மாப்பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட்டாள். வர மாட்டார் என்று நான் அடித்துச் சொன்னேன். வந்தார். சோபா நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகிறவர் மாதிரி உட்கார்ந்தார்.

அவள் அளவு நாடாவை அவர் கையில் கொடுத்தாள். "இது எங்க வீட்டு பால்கனி ஜன்னல். பெரிய கடை வெப்சைட்டுல இதுக்கு ஒரு பருத்தித் திரை வாங்குங்க தம்பி. வெயில் தாங்கற மாதிரி."

இது ஒரு விஷயமா என்பதுபோல் போனை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் முன்னால் குனிந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் முணுமுணுக்க ஆரம்பித்தார். "பருத்தியை எங்கடா ஒளிச்சு வெச்சிருக்கான்? படுக்கையறைன்னு போனா மெத்தையைக் காட்டறான். ஜன்னல்னு போனா கம்பியைக் காட்டறான். தலையைச் சுத்தி மூக்கைத் தொடறானே!"

"அங்கயே போட்டிருக்கே தம்பி," என்றாள் அவள்.

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். போட்டிருந்தது, மேலே ஓரத்தில், பொடி எழுத்தில். சிரிக்க ஆரம்பித்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, "டீ கிடைக்குமா அண்ணா?" என்று கேட்டார்.

டீ குடித்துக்கொண்டே அவள் அந்தத் துணிப் படங்களைப் பற்றி விசாரித்தாள். ஒவ்வொரு சுருளையும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், ஜன்னலில் தொங்கவிட்டு, காலையில் ஒரு தரமும் இருட்டிய பிறகு தெருவில் இறங்கி நின்று ஒரு தரமும் அவரே எடுத்தாராம். மாப்பிள்ளைக்கு மூளை குழம்பிவிட்டது என்று தையல் பிரிவில் பேசிக்கொண்டார்களாம்.

"வந்தவங்க ஒருத்தர் விடாம அங்கதான் நின்னாங்க. மத்த ரெண்டு பேர்கிட்டயும் அது இல்லவே இல்லை. அதையும் எழுதத்தான் போறேன்," என்றாள் என் மனைவி.

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்துவிட்டது.

கடை விடுமுறை நாளில் எல்லாரையும் கீழ்த்தளத்தில் உட்கார வைத்து அவள் அறிக்கையை விளக்கினாள். முதலாளி, சின்ன முதலாளி என்று எல்லாரும் கூப்பிடும் அவர் தம்பி, மாப்பிள்ளை, தையல் பிரிவுக்காரர்கள். ஒயர் மாட்டுகிற சாக்கில் நானும் இருந்தேன். நர்ஸ் கைக்குட்டை வாங்கியதையும் தபால்காரரின் கூடை காலியானதையும் டிவியில் போட்டுக் காட்டினாள். பிறகு, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"துணியைக் காட்டறதுல மூணு பேர்ல உங்களோடதுதான் முதல். பக்கத்துல யாரும் இல்லை. வாங்கி முடிக்கறதுல உங்களோடது கடைசி."

சின்ன முதலாளி எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி வெடித்தார். "நான் அப்பவே சொன்னேனா இல்லையா? இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு!"

"நீங்க சொன்னது வெப்சைட்டே வேண்டாம்னு சார். நான் சொல்றது அளவுப் பக்கத்தை மாத்துங்கன்னு. ரெண்டும் ஒண்ணு இல்லை," என்றாள் அவள். "கடையில படி ஒண்ணு உடைஞ்சிருந்தா கடையையா மூடுவீங்க?"

பின்வரிசையில் தையல்காரர் ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

அப்போது மாப்பிள்ளை எழுந்து நின்றார். "அவங்க சொல்றது சரி. கடைசின்னா கடைசிதான், நானே கண்ணால பாத்தேன்," என்றார். கையில் ஒரு காகிதச் சுருள். அதை மேஜைமேல் விரித்தார். புது அளவுப் பக்கத்தைப் பென்சிலால் வரைந்து எடுத்து வந்திருந்தார். ஒரு ஜன்னல் படம், எங்கே அளப்பது என்று கோடு, அங்குலமா சென்டிமீட்டரா என்று கேட்டுக் கட்டை விரல் பருமனில் இரண்டு பொத்தான். அளவைப் போட்டதும் அந்தத் திரை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற மாதிரி படம் வரும். "இனிமே கைக்குட்டை வாங்கினா கைக்குட்டைன்னு தெரிஞ்சிடும்," என்றார்.

முதலாளி எழுந்து வந்து அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒசத்தி என்று எழுதச் சொல்லிக் கேட்ட மனிதர், கடைசி என்று எழுதியிருந்த அந்த அறிக்கையை அக்குளில் பத்திரமாக இடுக்கிக்கொண்டு நின்றார். எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து, இவள் என் மனைவி என்று எல்லாரிடமும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும் என்பதால், பேசாமல் ஒயரைச் சுருட்டினேன்.

புதுப் பக்கம் தயாரானதும் மறுபடி ஒரு சோதனை வைத்தாள். பழைய ஆட்கள் வேண்டாம், அவர்கள் வழி தெரிந்தவர்கள் என்று புது ஆட்களாகப் பார்த்து அழைத்தாள். அன்றைக்குச் சின்ன முதலாளியும் எங்களோடு டிவி முன்னால் வந்து உட்கார்ந்தார். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தார். குழந்தை அளவு நாடாவைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது. அவர் அதை ஒரு கையால் இழுத்து, ஒரு மாதிரி அளந்து, ஒற்றைக் கட்டை விரலால் எண்களைப் போட்டார். படத்தில் திரை பக்கத்திலிருந்த ஆளின் முழங்கால்வரைதான் வந்தது. "ஐயையோ, குட்டையா போட்டுட்டேனே," என்று தானே திருத்தினார். நிறம் பிடிக்கவில்லை என்று பின்னால் போய் வேறு துணி எடுத்தார். கூடை அப்படியே இருந்தது. மாப்பிள்ளை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எனக்கு ரத்தமே ஓடவில்லை. ஆனால் வாயைத் திறக்கவில்லை அவர், எழுந்திருக்கவும் இல்லை.

அந்தப் பெண் போனைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார்.

"முடிஞ்சிடுச்சா? அவ்வளவுதானா?"

எங்கள் அறையில் முதலாளி கை தட்டினார். சின்ன முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, "பரவாயில்லையே மாப்பிள்ளை," என்றார். அவர் வாயிலிருந்து மாப்பிள்ளையைப் பற்றி அப்படியொரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை என்று முதலாளி பிறகு என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு ஆர்டர்கள் வர ஆரம்பித்தன. மேல்மாடியில் சோதனை நடந்த அறையிலும் தையல் மெஷின் போட வேண்டி வந்தது. இந்தச் செய்தி எப்படியோ பெரிய கடைக்கும் எட்டிவிட்டது. அங்கிருந்து ஒரு மேலாளர் என் மனைவிக்குப் போன் செய்தார். எங்கள் தளத்தையும் நீங்கள் பார்த்தீர்களாமே, குறை என்னவென்று எங்களுக்கும் சொல்ல முடியுமா என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் முதலில் முதலாளியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"போட்டிக்காரனே உங்களைக் கூப்பிடறானா! போங்கம்மா, தாராளமா போங்க. நம்ம அளவுப் பக்கத்தோட சூட்சுமத்தை மட்டும் சொல்லிடாதீங்க."

"அது அவங்ககிட்ட முதல்லேர்ந்தே நல்லாத்தான் இருக்கு ஐயா."

முதலாளி சிரித்த சிரிப்பில் போன் மேஜைமேல் அதிர்ந்தது.

அவர் சம்மதித்தும் அவள் அந்த வேலையை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கடைக்காக இன்னொரு கடையை அளந்து பார்த்துவிட்டு, உடனே அந்தப் பக்கம் போய் உட்காருவது முறையில்லை, கொஞ்ச காலம் போகட்டும் என்று மேலாளரிடம் காரணத்தோடு சொல்லிவிட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப எப்ப முடியுமோ அப்ப சொல்லுங்க மேடம். நாங்க காத்திருக்கோம்," என்றாராம். இதை என்னிடம் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு மகளின் சீருடையை இஸ்திரி போடப் போய்விட்டாள், ஏதோ எதிர்வீட்டுச் செய்தி மாதிரி.

எனக்குத்தான் தரையில் கால் பாவவில்லை. அந்த வாரம் முழுக்க லிஃப்ட் கூண்டுக்கு மேலே நின்று, கம்பிக் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே விசிலடித்தேன். கீழ்த்தளத்தில் காத்திருந்தவர்கள், மேலே யாரோ பாட்டுப் பெட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார்களாம்.